சனிக்கிழமைப் பங்கு

காலை ஆறு மணிக்குப் பலகை மாறும். 'நொய்யல் நிழல்' குடியிருப்புக்கு அதுதான் சேவல். தரைத்தளத்தில், வண்டிகள் நிற்கும் இடத்துக்கு நடுவே, ஆளுயரத்துக்கு ஒரு கறுப்பு மின்பலகை. அறுபத்து நான்கு வீடு, அறுபத்து நான்கு வரி. வீட்டு எண், பெயர், அந்த வண்டிக்கு அன்றைக்கு எத்தனை சதவீதம் மின்சாரம். நான்காவதாக ஒரு கட்டம் உண்டு. அதன் தலைப்பு 'காரணம்'. அடுத்தவர் எண்ணை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை, கண்ணெல்லாம் இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலும் அது காலியாகவே கிடக்கும்.

காலியாக இல்லாத நாளில் குடியிருப்புக்கே பொழுது நன்றாகப் போகும்.

'பி-7, கதிர்வேல், 82, சுபகாரியம்' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கதிர்வேல் குளித்துவிட்டு இறங்கி வருவதற்குள் பெண்ணுக்கு எந்த ஊர், என்ன படிப்பு, மாமியாருக்கு வாய் நீளமா குட்டையா என்பது வரைக்கும் பலகையடியில் பேசி முடித்திருந்தார்கள்.

தாரிணியின் வரியில் காரணம் ஏறி இரண்டு வருடமாகிறது. ஏ-12, தாரிணி. கல்லூரி நாட்களில் பதினெட்டு. சனிக்கிழமைகளில் பத்து. சந்தைக்குப் போய் வரப் பத்து போதும் என்று, மின்சாரத்தைப் பங்கு போடும் 'கலம்' என்ற பொது இயந்திரம் முடிவு செய்திருந்தது. தப்பும் சொல்ல முடியாது. முப்பத்தாறு வயதில் அவள் சனிக்கிழமைகளில் சந்தைக்கு மட்டும்தான் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் வந்த கடிதம்தான் கணக்கைக் கெடுத்தது.

"வால்பாறையா?" என்றாள் அம்மா. "அந்த மலைக்கா?"

"எழுத்துத் தேர்வுல தேறிட்டேம்மா. இன்னும் பத்து வாரத்துல, ஒரு சனிக்கிழமை, நேருல வரச் சொல்லியிருக்காங்க. நடமாடும் மண் ஆய்வகம். தோட்டம் தோட்டமாப் போய் மண் எடுத்து அங்கேயே சோதிச்சுச் சொல்லணும். சொந்த வண்டியில வரணும்னு போட்டிருக்கு. ஓட்டுறதையும் பார்ப்பாங்களாம்."

பதினான்கு வருடமாக ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் தாரிணி உதவியாளர். குடுவை கழுவுவாள், அமிலம் அளந்து வைப்பாள், மாணவர்கள் உடைத்ததைக் கூட்டி அள்ளுவாள். சோதனைகளை எல்லாம் மற்றவர்கள்தான் செய்வார்கள். தன் கையால் ஒரு பிடி மண்ணை எடுத்து, இதில் என்ன குறை என்று தானே கண்டுபிடித்து, தன் பெயரில் எழுதிக் கொடுக்கிற வேலை இது. இதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"அப்பறம் என்ன கண்ணு? காரணத்தைப் போட்டு, வேணுங்கறதைக் கேட்டு வாங்கு."

தாரிணி கடிதத்தை மடித்தாள். அம்மாவும் உடனே நினைவு வந்தவளாக வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஊட்டியில் ஒரு வேலைக்குப் போனபோது 'நேர்முகத் தேர்வு' என்று போட்டாள். அன்றைக்கு லிஃப்டில் நான்கு மாடி இறங்குவதற்குள் மூன்று பேர் நெற்றியில் திருநீறு பூசினார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். வாயிலில் செக்யூரிட்டி சல்யூட் அடித்தார். வேலை கிடைக்கவில்லை. அதன் பிறகு அறுபத்து நான்கு வீட்டுக்கும் தனித்தனியாக "கிடைக்கலைங்க" சொல்ல வேண்டியிருந்தது. அறுபத்து நான்கு வீடும் தனித்தனியாக "விடு கண்ணு, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றது. லிஃப்டுக்குப் பயந்து மூன்று வாரம் படியேறிப் போனாள்.

"அப்ப ரோட்டுல எங்கியாச்சும் ஏத்திக்கக் கூடாதா?"

"கலத்துல சேர்ந்த பேட்டரி வேற எடத்துல ஏறாதும்மா. பேட்டரியே நம்முளுது இல்லியே, எல்லாருக்கும் பொது. அதுக்குன்னு உள்ள லித்தியம் கெடைக்காமத்தானே இப்படிப் பண்ணினாங்க. மாடியில தகடு பிடிக்கிற வெயிலை அறுபத்து நாலு வண்டிக்கும் பங்கு போட்டுக் கொடுக்குது."

"யாருக்கு எவ்வளவுன்னு அதுக்கு எப்படித் தெரியுது?"

"பழக்கத்தை வச்சுத்தான். போன சனிக்கிழமை எவ்வளவு செலவு பண்ணினமோ அவ்வளவு. எதுக்கும் இருக்கட்டும்னு அதுல கால் பங்கு கூட. நாம என்னமோ சந்தையோட திரும்பிடறோம், மிச்சத்தை அது திருப்பி எடுத்துக்குது. அதனால பத்துலயே நிக்குது."

 தான் சொன்னது தாரிணிக்கே இப்போதுதான் கேட்டது போலிருந்தது. உள்ளே போய் ஆய்வக நோட்டை எடுத்து வந்தாள். பத்து. அதை முழுக்கச் செலவழித்தால் அடுத்த வாரம் பன்னிரண்டரை. அதையும் செலவழித்தால் பதினைந்தரை. பிறகு பத்தொன்பது, இருபத்து நான்கு, முப்பது, முப்பத்தெட்டு, நாற்பத்தேழு, ஐம்பத்தொன்பது. பத்தாவது சனிக்கிழமை எழுபத்து நான்கரை.

வால்பாறை ஏறி இறங்க அவள் வண்டிக்கு எழுபத்து நான்கு வேண்டும்.

"என்ன கண்ணு சிரிக்கறே?"

"ஒண்ணுமில்லம்மா. சனிக்கிழமை சந்தைக்கு நான் மட்டும் போறேன். வர லேட்டாகும்."

"எங்க போறே?"

"எங்கயும் இல்ல. அதான் விசயமே."

*

முதல் இரண்டு சனிக்கிழமைகள் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. காய்கறிப் பையைப் பின் இருக்கையில் போட்டுக்கொண்டு சிங்காநல்லூர் குளத்தைச் சுற்றினாள். குளக்கரையில் நடப்பவர்கள் மூன்றாவது சுற்றில் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். ஐந்தாவது சுற்றில் ஒருவர் வழி தெரியாதவள் என்று நினைத்து, கை காட்டி நிறுத்தி, பேருந்து நிலையத்துக்கு வழி சொன்னார். அவரை ஏமாற்றக் கூடாது என்பதற்காகவே பேருந்து நிலையம் போய் வந்தாள்.

பொதுச் சொத்தை வீணாக்குகிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. வெயில்தானே, நாளைக்கும் வரும் என்று சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் குளம் போதவில்லை. பொள்ளாச்சி சாலையில் வண்டியை விட்டாள். நான்காவது வாரம் கிணத்துக்கடவைத் தாண்டினாள். காற்றாலைகள் வரிசையாக நின்று சோம்பல் முறிப்பது போலச் சுழன்றுகொண்டிருந்தன. ஒரு மதில் மேல் ஏழு மயில்கள், கூட்டம் போட்டுவிட்டு யாரோ வரக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தன. ஐந்தாவது வாரம் மேகம் விலகி, தெற்கே மலை முழுசாகத் தெரிந்தது. தாரிணி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தாள். தக்காளி வெயிலில் கனிந்துகொண்டிருந்தது. அவள் கவலைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மாலையானால் மனசு இப்போதெல்லாம் லேசாகிவிடுகிறது என்பதை அவள் நோட்டில் எழுதவில்லை. அது கணக்கில் சேர்த்தி இல்லை.

ஆறாவது சனிக்கிழமை, பொள்ளாச்சிக்கு முன்னால் ஒரு இளநீர்க் கடையில் நிறுத்தினாள். புளியமரத்தடியில் இன்னொரு வண்டி நின்றது. கண்ணாடியில் 'நொய்யல் நிழல், டி-3' என்ற வில்லை. வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு, வெள்ளை வேட்டியில், இளநீரில் குழல் போட்டு உறிஞ்சியபடி நஞ்சப்பன் நின்றார்.

எழுபத்தொரு வயது. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பலகையடியில் எல்லோருக்கும் வணக்கம் சொல்வார். அதற்கு மேல் பேசி அவள் கேட்டதில்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓடி ஒளியப் புளியமரம் ஒன்றுதான் இருந்தது. அதையும் அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அம்மிணி," என்றார். "சந்தைங்களா?"

"ஆமாங்க." கையில் பை கூட இல்லை. "நீங்க?"

"மருந்து வாங்கலாம்னு."

கோவையிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு நஞ்சப்பன்தான் முதலில் சிரித்தார். பல் கட்டியிருந்தார். சிரிப்பு புதுசாக இருந்தது.

"கால் பங்கு கணக்கா?" என்றார்.

தாரிணிக்குக் காது சூடானது. தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனக்கும் அதேதானுங்க. உங்களுக்கு ஒரு எளநி வெட்டச் சொல்லட்டுமா? ஏப்பா, அம்மிணிக்கு வழுக்கையா ஒண்ணு வெட்டு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எம் பொண்ணு சிங்கப்பூர் போனதுல இருந்து எனக்குப் போக்குவரத்து கிடையாது. கலம் பார்த்துச்சு. இருவதைப் பத்தாக்குச்சு, பத்தை ஆறாக்குச்சு. பொங்கலுக்கு வந்து பார்க்கறேன், நாலு. நாலு சதவீதம்னா ஒரு மனுசனுக்கு என்னங்க அர்த்தம்? மருந்துக்கடைக்குப் போ, வந்து உக்காருன்னு அர்த்தம். எனக்கு எங்கியும் போகணும்னு இல்ல அம்மிணி. ஆனா காலையில எந்திரிச்சு, உம் பேருக்கு நேரா நாலுன்னு பெரிய எழுத்துல போட்டிருந்தா எப்படி இருக்கும்?"

"காரணம் போட்டுக் கேக்கலாமில்லீங்களா?"

"என்ன காரணம் போட? சுபகாரியமா, துக்கமா? ரெண்டும் எனக்கு இப்பக் கெடையாது."

இளநீர் வந்தது. தாரிணி குடித்தாள். எதற்கென்று தெரியவில்லை, அவரிடம் சொல்லிவிட்டாள். வால்பாறை, மண் ஆய்வகம், ஊட்டி, அறுபத்து நான்கு 'விடு கண்ணு', எல்லாம்.

"அப்ப நான் வாழ்த்துச் சொல்லலீங்க," என்றார் நஞ்சப்பன் ரொம்பப் பணிவாக. "எனக்கு ஒண்ணுமே தெரியாது. நான் மருந்து வாங்க வந்தவன்."

அதன் பிறகுதான் அவளுக்குக் கண் திறந்தது. ஏழாவது வாரம் கிணத்துக்கடவில் சி-9 ஷமீமின் சிவப்பு வண்டி எதிரே வந்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலையை வெளிப்பக்கமாகத் திருப்பிக்கொண்டார்கள். எட்டாவது வாரம் சிவப்பு வண்டியோடு இன்னும் மூன்று. சனிக்கிழமை காலையில் பொள்ளாச்சி சாலையில் பாதி 'நொய்யல் நிழல்' ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பேரும் பக்கத்து வயலில் என்னவோ அதிசயம் நடப்பது போல அந்தப் பக்கமே பார்த்தபடி போனார்கள்.

*

ஒன்பதாவது வாரம் வெள்ளிக்கிழமை லிஃப்டில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் துளசிமணியின் கையெழுத்து. எழுத்து பேச்சை விடச் சத்தமாக இருக்கும்.

'சனிக்கிழமைகளில் மின்சாரத் தேவை மூன்று மடங்காகிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவும். ஆடி பிறந்து மேகமும் கூடிவிட்டது. அடுத்த வாரம் வெயில் குறைந்தால் எல்லோருக்கும் பங்கு குறையும். கலம் தானாகவே குறைத்துக்கொள்ளும். என்னைக் கேட்டுப் பயனில்லை.'

தாரிணி அதை மூன்று முறை படித்தாள். வெயில்தானே, நாளைக்கும் வரும் என்று தான் சொல்லிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் வெயில் வரவில்லை. திங்களிலிருந்து வெள்ளி வரை ஆடிக் காற்று மேகத்தை ஓட்டி வந்து கோவையின் தலைமேல் கட்டிப் போட்டது.

பத்தாவது சனிக்கிழமை. ஐந்தே முக்காலுக்கே இறங்கிவிட்டாள். இஸ்திரி போட்ட பருத்திப் புடவை. சோதனைக் குழாய்கள் அடுக்கிய மரப்பெட்டி கையில். பதினொரு மணிக்கு வால்பாறையில் இருக்க வேண்டும். ஆறு அடித்தது. பலகை மாறியது.

ஏ-12, தாரிணி, 51.

ஏறுவதற்கு நாற்பத்தைந்து ஆகும். மேலே போய்ச் சேரலாம். இறங்க வழியில்லை. ஒரு நாள் முழுக்க மலையில் நின்று, அங்கிருக்கிற யாரிடமாவது கெஞ்சி, வண்டியை லாரியில் ஏற்றி இறக்கினால், இந்த அம்மாவால் தோட்டம் தோட்டமாகப் போக முடியாது என்று தேர்வுக்குழுவுக்கு முதல் நாளே புரிந்துவிடும்.

பலகையின் முன் அவள் மட்டும் இல்லை. நஞ்சப்பன், ஷமீம், கதிர்வேல், இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் சந்தைப் பையோடு வந்திருந்தார்கள். கழுத்தில் மப்ளரும் காலில் ஷூவுமாகத் துளசிமணி வந்தாள்.

"என்ன, காலங்காத்தால எல்லாரும் பலகைக்குக் கும்பாபிசேகம் பண்ணறீங்களாட்ட இருக்குது?" என்றவள் தாரிணியைப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். "ஏனம்மிணி, எங்க கெளம்பிட்டே?"

"சந்தைக்குங்க்கா."

"புட்டியெல்லாம் எடுத்துட்டா? தக்காளிக்கு ரத்தப் பரிசோதனையா?"

யாரோ சிரித்தார்கள். தாரிணி தரையைப் பார்த்தாள். மேலே போய்ப் புடவையை மாற்றிவிடலாம். அப்படிச் செய்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. யாரும் திருநீறு பூச மாட்டார்கள். திங்கட்கிழமை போய்க் குடுவை கழுவலாம்.

நஞ்சப்பன் வாயைத் திறக்கவில்லை. அவர் மருந்து வாங்க வந்தவர். ஆனால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இண்டர்வியூங்க்கா," என்றாள் தாரிணி. குரல் வெளியே வந்த பிறகு நிற்கவில்லை. "வால்பாறையில. பதினோரு மணிக்கு. எழுபத்து நாலு வேணும். காரணம் போட வெக்கமா இருந்துச்சு. போன தடவ கிடைக்கலைன்னு எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி... அதனால பத்து வாரமா சும்மா சுத்திச் சுத்திக் கலத்தை ஏமாத்திட்டு இருக்கேன். சனிக்கிழமை தேவை ஏறினதுக்கு நாந்தான் காரணம். மன்னிச்சுக்குங்க."

 மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ மட்டும் இல்ல," என்றார் நஞ்சப்பன். "நானும்."

"நானுந்தான்," என்றாள் ஷமீம். "எனக்குப் பாடப் பிடிக்கும்க்கா. வண்டிக்குள்ள கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு உடுமலை வரைக்கும் பாடிட்டே போவேன். வீட்டுல பாடினா கீழ் வீட்டுல கட்டையால சீலிங்கைத் தட்டறாங்க."

"நாந்தான் தட்டறேன்," என்றாள் துளசிமணி. "நீ பாடினதா அது? மிக்ஸி ரிப்பேருன்னு நெனச்சேன்."

கதிர்வேல் தொண்டையைச் செருமினான். "அந்தப் பொண்ணு வீடு பொள்ளாச்சிங்க. கல்யாணம் தையிலதான். அதுவரைக்கும் வாராவாரம் காரணம் போட முடியுங்களா? சும்மா தெரு வழியா ஒரு தடவ போயிட்டு வருவேன். அவிய வாசல்ல நிப்பாங்க."

சிரிப்பு தூண்களில் மோதித் திரும்பியது. எல்லோரும் இப்போது துளசிமணியைப் பார்த்தார்கள். சனிக்கிழமைகளில் அவள் வரியில் மட்டும் முப்பதுக்குக் குறைந்து யாரும் பார்த்ததில்லை.

"என்ன பார்க்கறீங்க? எனக்குச் சங்க வேலை இருக்குது."

"அக்கா, மப்ளர்ல எண்ணெய் இருக்குதுங்க," என்றாள் ஷமீம்.

துளசிமணி மப்ளரைக் குனிந்து பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். "சூலூர்ல ஒருத்தன் காலையில சூடா வெல்லக் கச்சாயம் போடறான். எனக்குச் சர்க்கரைன்னு எங்க வீட்டுக்காரரு கண்ணுல காட்ட மாட்டேங்கறாரு. மாசத்துல நாலு நாளு. நாலே நாலு கச்சாயம். இது வெளிய போச்சுன்னா பராமரிப்புத் தொகையை ரெட்டிப்பாக்கிடுவேன், பார்த்துக்குங்க." கைபேசியை எடுத்தாள். "மணி என்ன? ஆறேகாலா? நிக்காதீங்க. அவங்கவங்க பங்குல முடிஞ்சதை ஏ-பன்னண்டுக்குத் தள்ளுங்க. பட்டியல்ல நேர்முகத் தேர்வுன்னு போட்டு அனுப்புங்க, வேகமா!"

கலம் ஒரு வண்டியில் இருப்பதை இன்னொரு வண்டிக்கு மாற்ற இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் பதினோரு பேரும் பலகையைச் சுற்றி நின்று, எண் ஏறுவதைக் கோயில் தேர் நகர்வது போலப் பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு. அறுபத்து மூன்று. எழுபத்து நான்கில் ஷமீம் கை தட்டினாள். எழுபத்தொன்பதில் நின்றது.

"அஞ்சு கூடுதலா இருக்குதுங்க்கா."

"இருக்கட்டும். வளைவுல யானை நின்னா பின்னால எடுக்கோணுமில்ல."

யாரும் திருநீறு பூசவில்லை. எல்லோருக்கும் கை துடித்தது என்பது தாரிணிக்குத் தெரிந்தது.

*

ஆழியாறு தாண்டியதும் மலை ஆரம்பித்தது. நாற்பது வளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் பலகை. ஒன்பது வாரம் ஓட்டிப் பழகிய கை, தானாகத் திரும்பியது. மேலே சாரல். தேயிலை முழுக்கத் தலை வாரி விட்டது போலிருந்தது. பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

தேர்வுக்குழுவின் தலைவர் டாக்டர் ஹெப்சிபா, ரப்பர் பூட்ஸ் போட்ட, நரைத்த தலைக்காரி. தோட்டத்தில் மூன்று இடம் காட்டி மண் எடுக்கச் சொன்னார். தாரிணி எடுத்தாள், கரைத்தாள், நிறம் பார்த்தாள், எழுதினாள்.  கடைசியில் ஹெப்சிபா வண்டியில் ஏறி உட்கார்ந்து, திரையில் ஓட்டப் பதிவைத் திறந்தார்.

"இது என்னம்மா? ஒன்பது சனிக்கிழமை. முப்பது கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு நூத்தி எழுபத்தெட்டு வரைக்கும் ஏறியிருக்கு. ஒவ்வொரு வாரமும் சரியாக் கால் பங்கு. எங்க போனீங்க?"

காலையில் ஒரு தடவை சொன்னது, இரண்டாவது தடவை சுலபமாக வந்தது. தாரிணி சொன்னாள். ஹெப்சிபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"குறுக்கு வழியே இல்லையா? ஒரே வாரத்துல ஏத்த முடியாதா?"

"முடியாதுங்க. ஒரு வாரம் விட்டாலும் பழையபடி கீழ வந்துரும். ஒன்பது வாரமும் ஒழுங்காப் போகணும்."

"மண்ணும் அப்படித்தான்," என்றார் ஹெப்சிபா.  முடிவு ஒரு வாரத்தில் வரும் என்று எழுத்தர் சொன்னார்.

இறங்கும்போது வெயில் அடித்தது. இறக்கத்தில் சக்கரம் சுழல்கிற வேகத்தில் வண்டியே கொஞ்சம் மின்சாரம் செய்துகொள்ளும். இது அவள் கணக்கில் இருந்ததுதான். ஆனால் கண்ணால் பார்ப்பது வேறு. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை லேசாகத் தொட, எண் குறையாமல் நின்றது. பிறகு ஒன்று ஏறியது. இன்னொன்று. தாரிணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே பாட்டைச் சத்தமாகப் பாடினாள். ஷமீம் சொன்னது சரிதான்.

நாலு மணிக்குக் குடியிருப்புக்குள் நுழைந்தபோது பதினான்கு மிச்சம். தரைத்தளத்தில் பதினோரு பேரும் இருந்தார்கள். யாரும் காத்திருக்கவில்லை. ஒருவர் துடைத்த வண்டியையே துடைத்துக்கொண்டிருந்தார். கதிர்வேல் டயருக்குக் காற்று பார்த்தான். துளசிமணி தூணைப் பரிசோதித்தாள்.

"ஒரு வாரத்துல சொல்லுவாங்களாம்," என்றாள் தாரிணி எல்லோருக்கும் பொதுவாக.

"நாங்க கேக்கவே இல்லியே," என்றாள் துளசிமணி. பிறகு பொறுக்க முடியாமல், "நல்லாப் பண்ணினியா கண்ணு?" என்றாள்.

"நல்லாப் பண்ணினேங்க்கா."

அந்த ஒரு வாரம் அவள் லிஃப்டிலேயே போய் வந்தாள். வியாழக்கிழமை மாலை, மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில், கைபேசியில் செய்தி வந்தது. படித்துவிட்டு நான்காவதில் இறங்காமல் மறுபடி தரைத்தளத்துக்குப் பொத்தானை அமுக்கினாள். அறுபத்து நான்கு வீட்டுக்கும் தனித்தனியாக "கிடைச்சிருச்சுங்க" சொல்ல வேண்டியிருந்தது. இரவுச் சாப்பாட்டு நேரம் ஆகியும் முடியவில்லை. தொண்டை கட்டிப்போனது. ஒரு வீட்டைக்கூட அவள் விடவில்லை.

*

வெள்ளிக்கிழமை மாலை கைபேசியில் கலத்தைத் திறந்தாள். மலைக்குச் செலவானது அறுபத்தைந்து. அதோடு கால் பங்கு சேர்த்து, நாளைக்கு எண்பத்தொன்று என்று போட்டிருந்தது. இனி ஏமாற்ற வேண்டியதில்லை. எண்பத்தொன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

யோசித்தாள். போன சனிக்கிழமை பங்கைத் தள்ளிவிட்டு எங்கும் போகாத நஞ்சப்பன் பழையபடி நாலுக்கு இறங்கியிருந்தார். முப்பத்தாறை அவருடைய டி-3க்கு மாற்று என்று அழுத்தினாள்.

'காரணம்?' என்று கலம் கேட்டது.

பட்டியலைத் திறந்தாள். மருத்துவம். சுபகாரியம். துக்கம். நேர்முகத் தேர்வு. ஊட்டிக்குப் போனபோது இதோடு நின்றுவிட்டாள். கீழே தள்ளினாள். கோயில். ரயில் நிலையம். விமான நிலையம். பள்ளி. நீதிமன்றம். இன்னும் தள்ளினாள். வளர்ப்புப் பிராணி. வெளியூர் விருந்தினர். பட்டியல் முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில், ஒரு வெற்று வரி விட்டு, கடைசியாக ஒன்று இருந்தது.

சும்மா.

தாரிணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொட்டாள். கலம் மறு கேள்வி கேட்கவில்லை.

காலை ஆறு மணிக்குப் பலகை மாறியது. 'டி-3, நஞ்சப்பன், 40, சும்மா.'

ஆறேகாலுக்கெல்லாம் கூட்டம் கூடிவிட்டது. துளசிமணி கலத்தைப் பொருத்திய நிறுவனத்துக்கே போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"இந்தச் சும்மாவை எப்பங்க சேர்த்தீங்க?"

"எதை மேடம்? காரணப் பட்டியல்லயா? அது முதல் நாள்லருந்தே இருக்குதே."

"நாலு வருசமாவா?"

"ஆமா மேடம். உங்க குடியிருப்புல இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒருத்தர் போட்டிருக்காங்க. வெயில் இருக்குற அளவுக்கு அதுவே முறை வச்சுக் கொடுக்கும். ஏன், எதாச்சும் பிரச்சினையா?"

துளசிமணி போனை வைத்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கைபேசியை எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, பட்டியலைக் கீழே தள்ள ஆரம்பித்தார்கள்.

நஞ்சப்பன் வெள்ளை வேட்டியில் இறங்கி வந்தார். பலகையை அண்ணாந்து பார்த்தார். தன் வரியைப் படித்தார். மறுபடியும் படித்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவி போட்டார். திரையில் நாற்பது என்று வந்தது. ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு அணைத்துவிட்டு இறங்கி, கதவைச் சாத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாயிலைப் பார்க்க நடந்தார்.

தாரிணி பின்னால் ஓடினாள். "அண்ணா, வண்டியில போகலீங்களா?"

"எங்க?"

"எங்கியாச்சும். நாப்பது இருக்குதே."

"இருக்குதில்ல?" என்றார் நஞ்சப்பன். சந்தோஷமாகத் தலையாட்டினார். "அது இருக்கட்டும் அம்மிணி. மருந்துக்கடைக்குத்தான் போறேன், பக்கந்தானே. நடந்தே போயிட்டு வந்தர்றேன்."